விழுந்தபின் வகுக்கும் இலக்கு

நெடுந்தூரப் பந்தயம் கால்களின் வலிமையை மட்டும் சோதிப்பதன்று. தன் வலிமை எவ்வளவு என்பதைத் தானே அளந்தறியும் ஆற்றலையும் அது சோதிக்கின்றது. நூறு மீற்றர் ஓடுபவன் தன்னிடமுள்ள ஆற்றல் முழுவதையும் ஒரே மூச்சிற் செலவிட்டுவிடலாம். நூறு மைல் துவிச்சக்கரவண்டி ஓட்டுபவனுக்கோ அவ்வுரிமை இல்லை. முதல் மணித்தியாலத்தில் அளவுக்கு மிஞ்சிச் செலவிட்டதை ஐந்தாம் மணித்தியாலத்தில் அவன் வட்டியுடன் திருப்பிக் கொடுக்க நேரும். ஆகையால், அளவறிந்து ஓடுபவனே முடிவுக்கோட்டை அடைகின்றான்.

இவ்வாறு அளவறிதல் உடல் நலமாயிருக்கும்போதே எளிதன்று. விபத்துக்குள்ளாகி, எலும்பு முறிந்து, வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடந்து, மீண்டும் வண்டியேறும் ஒருவனுக்கு அது மேலும் கடினமாகின்றது. காரணம் வெளிப்படை. அவனுடைய உடல் மாறிவிட்டது. அவனுடைய மனத்திலுள்ள அளவுகோல் மாறவில்லை. சென்ற ஆண்டு இதே குன்றை இத்தனை நிமிடத்தில் ஏறினோமே என்று நினைவு சொல்லுகின்றது. இன்று பாதிக் குன்றிலேயே மூச்சு வாங்குகின்றது. பெயர் கொடுத்துவைத்த பந்தயமோ நாட்காட்டியில் நெருங்கி வருகின்றது. பழைய இலக்கையே பற்றிக்கொள்வதா, புதிய இலக்கொன்றை வகுப்பதா? இலக்கைக் குறைப்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகுமா? இவ்வினாக்களுக்கு விடைகாண, உலகப் புகழ்பெற்ற வீரர் ஒருவரின் வரலாறு பெரிதும் உதவும்.

‘தூர் த பிரான்ஸ்’ எனப்படும் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் துவிச்சக்கரவண்டிப் பந்தயத்தை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். 1903ஆம் ஆண்டு தொடங்கிய இப்பந்தயம் ஏறத்தாழ மூன்று வாரம் நடைபெறுவது. நாளொன்றுக்கு ஒரு கட்டமாக, சமவெளியிலும் ஆல்ப்ஸ், பிரெனீஸ் மலைகளிலும் வீரர்கள் வண்டியோட்டுவர். எல்லாக் கட்டங்களிலும் எடுத்த நேரத்தைக் கூட்டிப் பார்க்கையில் எவருடைய நேரம் மிகக் குறைவோ அவரே வெற்றிவீரர். ஒவ்வொரு நாளும் முன்னணியில் நிற்பவர் மஞ்சட் சட்டை அணிந்து ஓடுவார். 1986இல் இப்பந்தயத்தில் வென்றவர் ஐக்கிய அமெரிக்க நாட்டினரான கிறெக் லெமொண்ட். ஐரோப்பியர் அல்லாத ஒருவர் இவ்வெற்றியைப் பெற்றது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது 25.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், இத்தாலியில் நடந்த பந்தயமொன்றில் விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்ட லெமொண்ட், அது குணமாகும்வரை தாயகம் திரும்பியிருந்தார். அங்கே, 1987 ஏப்ரல் 20ஆந் தேதி, கலிபோர்னியா மாநிலத்திற் குடும்பத்துக்குரிய பண்ணையொன்றிலே உறவினரோடு வான்கோழி வேட்டைக்குச் சென்றார். புதரின் மறைவில் அவர் இருந்ததை அறியாத உறவினர் ஒருவர் தவறுதலாகச் சுட்டுவிட்டார். ஏறத்தாழ 60 ஈயச் சன்னங்கள் அவருடைய முதுகிலும் வலப்பக்கத்திலும் பாய்ந்தன. வலது நுரையீரல் சுருங்கிற்று. உடலிலுள்ள குருதியில் ஏறத்தாழ 65 சதவீதம் வெளியேறிற்று. அருகிலிருந்த பொலிஸ் ஹெலிகொப்டர் ஒன்று அவரை உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றிராவிடின், அவர் பிழைத்திரார். சத்திரசிகிச்சையின் பின்னரும் முப்பதுக்கு மேற்பட்ட சன்னங்கள் அவருடைய உடலிலேயே தங்கிவிட்டன. அவற்றிற் சில இருதயத்தைச் சூழ்ந்துள்ள உறையிலும், வேறு சில ஈரலிலும் இருந்தன. நான்கு மாதங்களின் பின் குடலில் அடைப்பு ஏற்பட்டு, மறுபடியும் சத்திரசிகிச்சை செய்யவேண்டியதாயிற்று.

படுக்கையிற் கிடக்கும் உடல் எவ்வளவு விரைவாக வலிமை இழக்கின்றது என்பதை அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1966ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டிற்று. நல்ல உடல்நலமுள்ள ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கும்படி செய்யப்பட்டனர். கடும் உழைப்பின்போது உடல் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்தவல்லது என்பதே வண்டியோட்ட வீரனின் அடிப்படை வலிமையைக் காட்டும் அளவு. அந்த அளவு, மூன்றே வாரத்தில், ஏறத்தாழக் கால்பங்குக்கு மேல் வீழ்ந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைக் காட்டிலும் மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிதாயிருந்தது. நோயோ காயமோ இல்லாத இளைஞரின் நிலையே இதுவாயின், குருதியையும் தசையையும் இழந்தவரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அதே ஆய்வு ஆறுதலான செய்தியையும் தந்தது. படுக்கையைவிட்டு எழுந்து முறையாகப் பயிற்சி செய்த அவ்விளைஞர்கள், சில வாரங்களில் இழந்ததைத் திரும்பப் பெற்றனர். உடல் மறக்கின்றது, மீண்டும் கற்றும் கொள்ளுகின்றது. எனினும், உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்திற் கற்பதில்லை. குருதியின் அளவும் இருதயத்தின் திறனும் வாரக்கணக்கில் மீளும். தசை மீளச் சற்றுக் கூடிய காலம் வேண்டும். எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுமோ மாதக்கணக்கிலேயே உறுதிபெறும். திரும்பிவரும் வீரனுக்கு மறைந்திருக்கும் இடர் இங்கேதான் உள்ளது. மூச்சு சீராகிவிட்டது, கால்கள் இன்னும் வேகமாக மிதிக்கலாம் என்கின்றன. ஆயின் உள்ளே இருக்கும் நாண் அந்தச் சுமைக்கு ஆயத்தமாகவில்லை. மூச்சை நம்பி நாணை வருத்துபவன் இரண்டாம் முறையும் படுக்கைக்குச் செல்கின்றான்.

லெமொண்டுக்கு நேர்ந்ததும் இதுவே. 1988இல், இழந்த காலத்தை விரைவில் ஈடுசெய்யும் நோக்குடன் அவர் அளவுக்கு மிஞ்சிப் பயிற்சி செய்தார். வலக் காலில் தசைநாண் அழற்சி உண்டாயிற்று. அதற்கும் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. அவ்வாண்டுப் பிரான்சுப் பந்தயமும் அவருக்கு இல்லாமற் போயிற்று. சன்னங்கள் அவரிடமிருந்து பறித்தது ஒரு பந்தயம். பழைய இலக்கின்மீது கொண்ட பற்று பறித்தது மற்றொன்று எனலாம்.

1989ஆம் ஆண்டு பிறந்தபோது, பெரிய குழுக்களின் நம்பிக்கையை இழந்திருந்த அவர், பெல்ஜிய நாட்டுச் சிறிய குழுவொன்றிற் சேர்ந்திருந்தார். மலைக் கட்டங்களில் அவருக்குத் துணைநிற்கக்கூடியவர் அக்குழுவில் இல்லை. மே மாதத்தில் இத்தாலியைச் சுற்றிவரும் மூன்று வாரப் பந்தயத்திற் கலந்துகொண்டார். முன்னாளில் முன்னணியில் ஏறியவர், இப்போது மலைதோறும் பின்தங்கி, பல நிமிடங்களை இழந்தார். பந்தய வாழ்வையே துறந்துவிடலாமா என்று எண்ணும் நிலைக்கும் வந்தார். அவ்வேளையிற் குருதியில் இரும்புச்சத்துக் குறைந்திருப்பது கண்டறியப்பட்டு, அதற்கு மருந்து ஏற்றப்பட்டது.

இங்கே அவர் செய்த ஒரு செயல் கருதத்தக்கது. மொத்தப் பந்தயத்தில் நல்ல இடம் பெறும் ஆசையை அவர் விட்டுவிட்டார். பந்தயத்தை மட்டும் விடவில்லை. கடைசி நாளில் வீரர் ஒவ்வொருவரும் தனித்தனியே மணிக்கூட்டுக்கு எதிராக ஓடும் தனிநேரக் கட்டம் ஒன்று இருந்தது. 50 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அந்த ஒரு கட்டத்தில் மட்டும் முழு வலிமையையும் சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார். அதில் இரண்டாம் இடம் பெற்றார். அப்பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றி பெற்ற பிரான்சியரான லோரான் பின்யோனைக் காட்டிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் விரைந்து முடித்திருந்தார். மொத்தக் கணக்கில் லெமொண்டுக்குக் கிடைத்தது 39ஆம் இடமே. ஆனால் அந்த ஒரு நாள், உடல் திரும்பி வருகின்றது என்பதற்கு ஐயமற்ற சான்றாயிற்று. மொத்தப் பந்தயத்தைப் பற்றிக்கொண்டு ஏங்கியிருந்தால் இந்தச் சான்று அவர் கண்ணுக்குத் தெரிந்திராது.

மூன்று வாரங்களின் பின், ஜூலை முதலாந் தேதி, லக்சம்பேர்க்கிற் பிரான்சுப் பந்தயம் தொடங்கிற்று. ஒருமுறை அதனை வென்றவரான லெமொண்ட், இம்முறை எதிர்பார்த்தது முதல் இருபது பேருள் ஓர் இடம். அந்த அளவான இலக்கோடு தொடங்கியவர், ஐந்தாங் கட்டமான 73 கிலோமீற்றர் தனிநேரப் பந்தயத்தில் வென்று, ஐந்து விநாடி முன்னணியுடன் மஞ்சட் சட்டையை அணிந்தார். கைகளை முன்னே நீட்டி உடலைக் குனிந்து வைத்து, காற்றின் எதிர்ப்பைக் குறைக்க உதவும் புதுவகைக் கைப்பிடியை அவர் பயன்படுத்தினார். அதன்பின் மஞ்சட் சட்டை பிரெனீஸ் மலையிற் பின்யோனிடம் சென்றது. ஆல்ப்ஸில் லெமொண்டிடம் திரும்பிற்று. மறுபடியும் பின்யோனிடம் போயிற்று. கடைசிக் கட்டத்துக்கு முன் பின்யோன் 50 விநாடி முன்னணியில் இருந்தார். எஞ்சியிருந்தது வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர் தூரமே. அத்தூரத்தில் 50 விநாடியை மீட்பது அரிது என்றே பலரும் கருதினர்.

அன்று, 1989 ஜூலை 23ஆந் தேதி, தமக்கு இடையிடையே நேர விபரம் எதையும் அறிவிக்கவேண்டாமென்று லெமொண்ட் துணைவண்டியில் வந்தோரிடம் கேட்டுக்கொண்டார். எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, அந்தந்தக் கணத்திற் கால்கள் தரக்கூடியதை மட்டும் கவனித்தார். 26 நிமிடம் 57 விநாடியில், மணிக்கு 54 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் அத்தூரத்தைக் கடந்தார். சேணப் புண்ணால் வருந்திக்கொண்டிருந்த பின்யோன் அவரைவிட 58 விநாடி தாமதித்தார். 3,285 கிலோமீற்றர் கொண்ட பந்தயத்தை லெமொண்ட் எட்டு விநாடியால் வென்றார். ஆடவருக்கான அப்பந்தயத்தின் வரலாற்றில் இதனிலும் சிறிய வித்தியாசம் இன்றுவரை ஏற்பட்டதில்லை. அதே ஆண்டு உலகச் சம்பியன் பட்டமும், 1990இல் மூன்றாவது பிரான்சு வெற்றியும் அவருக்குக் கிடைத்தன.

இவ்வரலாற்றைக் கேட்போர், இலக்கைக் குறைத்தால் ஈற்றில் மகுடம் வந்தே தீரும் என்று கொள்வாராயின், அது தவறாகும். நான்கு முறை பிரான்சுப் பந்தயத்தில் வென்ற பிரித்தானிய வீரர் கிறிஸ் புறூமின் கதை வேறு. 2019 ஜூன் 12ஆந் தேதி, பிரான்சின் றோஆன் நகரில், பந்தயப் பாதையை முன்கூட்டிப் பார்த்துவரச் சென்றபோது, கடுங்காற்றில் வண்டி நிலைதவறி மதிலில் மோதினார். தொடையெலும்பு, முழங்கை, விலாவெலும்புகள் முறிந்தன. எட்டு மாதங்களின் பின் பந்தயத்துக்குத் திரும்பினார். ஐந்தாம் வெற்றி என்ற கனவை அவர் நெடுநாள் கைவிடவில்லை, அது கிட்டவுமில்லை. 2021இற் பிரான்சுப் பந்தயத்தில் அவர் பெற்றது 133ஆம் இடம். எனினும் 2022இல், ஆல்ப் டுயேஸ் மலையில் முடிவுற்ற ஒரு நாட் கட்டத்தில் மூன்றாவதாக வந்தார். நான்கு மகுடங்களோடு ஒப்பிட்டால் அது சிறிது. நடக்க மீண்டும் பழகவேண்டியிருந்த ஒருவரின் கணக்கிலோ அது பெரிது.

கொலம்பிய வீரர் ஏகான் பெர்னாலின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 2019இல், 22 வயதிலேயே பிரான்சுப் பந்தயத்தில் வென்ற அவர், 2022 ஜனவரி 24ஆந் தேதி, பயிற்சியின்போது நின்றுகொண்டிருந்த பேருந்தொன்றின் பின்புறத்தில் மோதினார். முதுகெலும்பும் தொடையெலும்பும் உட்பட ஏறத்தாழ 20 எலும்புகள் முறிந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் திரும்பியது மூன்று வாரப் பந்தயத்துக்கன்று. டென்மார்க்கில் நடந்த ஐந்து நாட் பந்தயத்துக்கே. 2023இற் பிரான்சில் 36ஆம் இடம். 2025இல் இத்தாலிப் பந்தயத்தில் ஏழாம் இடம். அதே ஆண்டு ஸ்பானியப் பந்தயத்தில் ஒரு கட்டத்தில் வெற்றி. மூன்றரை ஆண்டுப் படிக்கட்டு இது. இப்படிகளில் ஒன்றையேனும் அவர் தாவிக் கடக்கவில்லை.

இவ்வீரர்களுக்கு வைத்தியரும் பயிற்றுநரும் துணைவண்டியும் உண்டு. காலையில் வண்டியோட்டிவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகம் செல்லவேண்டிய எழுதுவினைஞருக்கும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பியபின் பயிற்சிக்கு நேரம் தேடும் தாய்க்கும் இவர்களின் அனுபவம் பயன்படுமா? நன்கு பயன்படும். இன்னுஞ் சொல்லப்போனால், அவசரப்பட்டு மறுபடி விழுந்தால் இவர்கள் இழப்பது பந்தயத்தை மட்டுமன்று. மாதச் சம்பளத்தையும் வீட்டின் அமைதியையும் சேர்த்தே இழப்பர்.

இலக்கை வகுக்கும் ஒழுங்கு இவ்வாறு அமையலாம். முதலாவது இலக்கு, காயம் ஆறுதல். இதன் தேதியைத் தீர்மானிப்பவர் வைத்தியர். பந்தயத்தை நடத்துவோர் அல்லர். வண்டியிலிருந்து விழுவோருக்குப் பெரிதும் முறிவது காறையெலும்பு. அது பொருந்துவதற்கே ஆறு வாரம் முதல் எட்டு வாரம் வரை செல்லும். தலையில் அடிபட்டிருப்பின், தலைவலி, மயக்கம், ஒளியைக் கண்டு கூசுதல் போன்ற குறிகள் முற்றாக நீங்கி, வைத்தியர் இசைவளிக்கும்வரை வீதியில் வண்டியோட்டுதலாகாது.

இரண்டாவது இலக்கு, நோவின்றி ஓட்டுதல். தொடக்கத்தில் ஓரிடத்தில் நிலையாக நிறுத்திய வண்டியில் மிதித்துப் பழகுவது பாதுகாப்பானது. அங்கே விழவேண்டியதில்லை, குழிகளின் அதிர்ச்சியுமில்லை. இப்பருவத்தில் வேகத்தையும் தூரத்தையும் எழுதிவைப்பதைவிட, மறுநாட் காலையில் உடல் சொல்லுவதை எழுதிவைப்பது நன்று. ஓட்டத்தின் பின் தோன்றிய சிறு நோவு இரவோடு அடங்கிவிடின் அளவு சரியானது. மறுநாளும் அது நீடித்தால், அல்லது நடையில் நொண்டுதல் தெரிந்தால், அளவு மிஞ்சிவிட்டது என்பது பொருள். அவ்வாறாயின் ஒருபடி இறங்குவதே அறிவுடைமை.

மூன்றாவது இலக்கு, தூரம். நான்காவதே வேகம். இவ்வொழுங்கை மாற்றுவோரே பெரும்பாலும் திரும்பவும் காயப்படுகின்றனர். ஆண்டின் பெரும் பந்தயத்துக்கு ஆயத்தமாக முடியாதெனின், பின்னால் வரும் குறுகிய பந்தயமொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பெரும் பந்தயத்திலேயே கலந்துகொள்ள விரும்பின், இத்தனை மணித்தியாலத்தில் முடிப்பேன் என்பதை விடுத்து, நிறுத்தப்படும் நேரத்துக்குள் முடிப்பேன் என்று எண்ணலாம். பாதிவழியில் நோவு கூடினால் இறங்கிவிடுவேன் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதும் நல்லது. களைத்த வேளையில் எடுக்கும் முடிவைவிட, களைக்குமுன் எடுத்த முடிவு தெளிவானது.

இவை எல்லாவற்றிலும் கடினமானது ஒப்பீடு. திரும்பி வருபவன் விபத்துக்கு முந்திய தன்னோடு தன்னை ஒப்பிடுவானாயின், ஒவ்வொரு நாளும் தோற்றவனாகவே வீடு திரும்புவான். சென்ற மாதத்துத் தன்னோடு ஒப்பிடுவானாயின், அடிக்கடி வென்றவனாவான். இரு கணக்குகளும் உண்மையே. ஆயினும் இரண்டாவது கணக்கே மறுநாளும் வண்டியை வெளியே எடுக்கச் செய்கின்றது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முதியோர் வாக்கு. காயத்திலிருந்து எழுந்த முதல் மாதங்கள் சுவர் எழுப்பும் காலம்; சித்திரத்துக்கான காலம் பின்னர் வரும்.

இலக்கைக் குறைத்தல் இழிவன்று. குறைந்த இலக்கையும் அரைமனத்தோடு ஓடுவதே இழிவு. இருபதுள் ஓர் இடம் என்று எண்ணித் தொடங்கிய லெமொண்ட், அந்த இருபதாம் இடத்துக்காகவும் முழு மனத்தோடு மிதித்தார். அவருக்கு மகுடம் கிடைத்தது, புறூமுக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு எது கிடைக்கும் என்பதை முன்னறிந்து சொல்ல எவராலும் இயலாது. தன் உடல் இன்று தாங்கக்கூடியது எதுவோ அதனை அறிந்து, அதனை முழுமையாகச் செய்து, நாளை ஒருபடி மேலேறுவது மட்டுமே வீரனின் கையில் உள்ளது. விழுந்தவர் எழுந்து மறுபடி வண்டியேறும் நாளில், அவரை அடுத்த பந்தயத்துக்கு உரியவராக்குவது அந்த ஒழுங்கே.